வண்டியா, கண்டியா? தமிழ்த் துறைகளின் ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழு, ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். களப்பணியில் பதிந்த குரல்களையும் ஆய்வாக ஏற்றுக் காத்துப் பகிருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு பிழை இருக்கிறது. இருபத்தேழு ஆண்டுகள் அது எனக்கே தெரியாது. நெறியாளருக்கும் தெரியவில்லை, புறநிலைத் தேர்வாளர்களுக்கும் தெரியவில்லை, வாய்மொழித் தேர்வுக்கு வந்து கேள்வி கேட்டு, காபி குடித்துவிட்டுப் போனவர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. அந்தப் பிழைக்கு இருந்த ஒரே சாட்சி ஒரு கேசட். அதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வாய்மொழி இலக்கியம் பற்றிய ஆய்வுக்கு நடந்த வாய்மொழித் தேர்வில் அந்த வாய்மொழி மட்டும் ஒலிக்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1992 சித்திரையில் விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் ஊரில் ஒப்பாரிப் பாடல்கள் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒப்பாரி சேகரித்தவர்களுக்குத் தெரியும்: சாவு விழாத வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்பாரி பாட எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள். வீட்டுக்கு ஆகாது. எனவே எழுபது வயது ஆச்சி ஒருவர் என்னை ஊருக்கு வெளியே, களத்து மேட்டில் நின்ற வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். கூட இரண்டு பெண்கள் வந்தார்கள். டேப் ரிக்கார்டரைத் தரையில் வைத்தால் காற்று மண்ணை வாரிப் போடும் என்று ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தோம். ஆச்சி முதலில் சிரித்துக்கொண்டே தொடங்கினார். நாலைந்து அடிகளுக்குப் பிறகு சிரிப்பு போய்விட்டது. தன் தகப்பனாரை நினைத்துப் பாடினார். நடுவில் சேவல் கூவியது, ஆடுகள் கடந்து போயின, கூட வந்த பெண் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். எல்லாம் நாடாவில் இருக்கிறது.

அன்றிரவே விடுதி அறையில் உட்கார்ந்து எழுத்தில் பெயர்த்தேன். இரண்டு அடிகளை இப்படி எழுதினேன்:

வண்டிக்குப் போன எங்கப்பா
கைவீசி வந்தீகளே

வண்டிக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். எனக்குப் பொருள் சுத்தமாகப் புரிந்தது. ஆய்வேட்டில் இதை வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். லாரிகள் வந்த பிறகு கரிசல் காட்டில் பார வண்டித் தொழில் நசிந்ததையும், வண்டிக்காரக் குடும்பங்களின் வறுமை பெண்களின் புலம்பலில் பதிவாகியிருப்பதையும் விளக்கினேன். 'சமூக வரலாற்றுச் சான்றாதாரமாக ஒப்பாரி' என்று துணைத் தலைப்பும் கொடுத்தேன். தேர்வாளர் ஒருவர் அந்தப் பகுதியைத் தனியாகப் பாராட்டினார்.

2022இல் ஓய்வுக் காலத்துப் பொழுதுபோக்காக, மிச்சமிருந்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றினேன். காதில் நல்ல ஹெட்போன். அந்த இடம் வந்தது. சேவல் கூவலின் வால் அந்த அடியின் முதல் எழுத்தின்மேல் விழுகிறது. பழைய ஸ்பீக்கரில் கேட்டபோது அந்த எழுத்து முழுகிப்போயிருக்கிறது. இப்போது தெளிவாக இருக்கிறது. ஆச்சி பாடியது 'கண்டிக்குப் போன எங்கப்பா'.

நான் பத்து முறை திருப்பிப் போட்டேன். சந்தேகமே இல்லை. கண்டி, கைவீசி என்று அடிதோறும் மோனை வேறு நிற்கிறது. யாப்பு படித்தவளை அதுவாவது தடுத்திருக்க வேண்டும். 'வண்டி', 'வந்தீகளே' என்று எனக்கு நானே ஒரு மோனையைக் கண்டுபிடித்துத் திருப்தி அடைந்திருந்தேன் போலும்.

ஒரு மெய்யெழுத்துதான் மாறியது. ஆனால் வண்டிப்பாதை கடல் கடந்து போய்விட்டது. தென்மாவட்ட மக்கள் பேச்சில் கண்டி என்பது ஒரு நகரம் மட்டுமல்ல. கண்டிச்சீமை என்றால் இலங்கை மலையகத்துத் தோட்டங்கள் அனைத்தும். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிக் கொண்டுபோன சீமை. முதலில் காப்பி, பிறகு தேயிலை. போவதற்கு முன்பே கங்காணியிடம் முன்பணக் கடன். அந்தக் கடனை எழுதிய 'துண்டு' கையில் இருந்தால்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியும். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது, கடன் ஒழியவில்லை. ஆச்சியின் தகப்பனார் கையை வீசிக்கொண்டு திரும்பியதன் கணக்கு அங்கே இருக்கிறது. அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்த ஆண்டு திரும்பினார், இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களை நிறுத்திச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாம் வழியாகத்தான் போனாரா என்றெல்லாம் அன்றைக்கே ஆச்சியிடம் கேட்டிருக்கலாம். வண்டி என்று எழுதியவளுக்குக் கேட்கத் தோன்றுமா? ஆச்சி இப்போது இல்லை.

என் ஆய்வேட்டை எடுத்துப் படிக்கும் மாணவருக்கு இன்றும் வண்டிதான் கிடைக்கும். அதை மேற்கோள் காட்டி இரண்டு கட்டுரைகள் வந்திருப்பதை நானே பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிட அதிகமாக இருப்பது பயம்: இந்தப் பிழையையாவது நான் கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் அந்தக் கேசட்டை எதற்கோ ஒரு பிரதி எடுத்து வீட்டில் வைத்திருந்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று அறுபது நிமிடக் கேசட்டுகள். மூலங்கள் அனைத்தையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஊர், தேதி, பாடியவர் பெயர் எழுதி, ஆய்வேட்டோடு பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தேன். ஆய்வாளர் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நெறியாளர் சொல்லியிருந்தார், நல்ல மனிதர். 2022இல் தேடிப் போனபோது ஆய்வேடு அலமாரியில் இருந்தது, பொன்னெழுத்து மங்காமல். பெட்டி இல்லை. கட்டடத்துக்கு வெள்ளையடித்த ஏதோ ஓர் ஆண்டில் பழைய பொருட்களோடு போயிருக்கும் என்றார் அங்கிருந்த ஊழியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, யார் பொறுப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் வரி இல்லை. அச்சடித்த நானூறு பக்கத்துக்கு நூலகச் சேர்க்கை எண் இருந்தது. நாற்பத்து மூன்று மணி நேரக் குரலுக்கு இல்லை.

என்னிடம் பிரதியாக மிஞ்சியவை மூன்று கேசட்டுகள். ஆகவே என் ஆய்வேட்டில் மீதி நாற்பதின் பெயரால் எழுதியிருப்பவற்றில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

பெருமக்களே, நாட்டார் வழக்காறு, இனவரைவியல், வட்டார வழக்கு, வாய்மொழி வரலாறு ஆகியவற்றில் நம் துறைகள் ஐம்பது ஆண்டுகளாகப் பட்டங்கள் வழங்கி வருகின்றன. ஒவ்வோர் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் தகவலாளர் பட்டியல் இருக்கும்: பெயர், வயது, ஊர், தொழில், சில சமயம் சாதி. பாடல் தொகுப்பும் இருக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும், குஜராத்தின் காந்திநகரில் இருந்து இயங்கும் ஷோத்கங்கா தளத்தில் இவை வருடிய பக்கங்களாகக் குவிந்திருக்கின்றன, நல்ல காரியம். ஆனால் அங்கே இருப்பவை எல்லாம் பெயர்த்தெழுதியவை. எழுத்தின் மறுபக்கம் இருந்த குரல்கள் எங்கே? ஆய்வாளரின் பரணில், பழுதான டேப் ரிக்கார்டரின் வயிற்றில், விற்றுவிட்ட செல்பேசியில்.

'ஒலிப்பதிவு வெறும் தரவுதானே, அதை எப்படி ஆய்வு என்று கொள்வது?' என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். கேட்டவர் பதிப்பு வரலாறு கற்பிப்பவர் என்பதுதான் வேடிக்கை. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரை நாம் வெறும் சேகரிப்பாளர் என்று சொல்கிறோமா? ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார், ஏடு கொடுத்தவர் பெயரைக் குறித்தார், ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டார், பாடபேதம் காட்டினார். அந்த உழைப்புக்கு நாம் தந்த பெயர் புலமை. ஏடுகளையும் அவர் பெயரிலான நூல்நிலையம் பெசன்ட் நகரில் இன்றும் வைத்திருக்கிறது. 'பதிப்பு வந்துவிட்டது, இனி ஏட்டை அடுப்பில் போடலாம்' என்று சொன்னால் எந்தத் தமிழாசிரியரும் கொதித்துப் போவார். கேசட்டுக்கு மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வண்டியா, கண்டியா என்பதும் ஒரு பாடபேதம்தான். அதைத் தீர்க்க ஏடு வேண்டும். எங்கள் துறையில் ஏடு என்பது நாடா.

இன்னோர் எடுத்துக்காட்டையும் சொல்ல ஆசை. 1933 முதல் 1935 வரை மில்மன் பாரி என்ற அமெரிக்கச் செவ்வியல் அறிஞர் யுகோஸ்லாவியாவின் மலைப்பகுதிகளில் காவியப் பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத பாடகன் ஆயிரக்கணக்கான அடிகளை எப்படிப் பாடுகிறான் என்று கண்டுகொண்டால் பழைய கிரேக்கக் காவியக் கவி ஹோமரின் இரகசியம் அவிழும் என்பது அவர் எண்ணம். ஊர் திரும்பிய சில மாதங்களில் இறந்துபோனார். அவர் பெரிய நூல் எதையும் எழுதி முடிக்கவில்லை, தட்டுகள் இருந்தன. அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் லார்ட் அந்தத் தட்டுகளின்மேல்தான் வாய்மொழிக் காவியக் கோட்பாட்டைக் கட்டி எழுப்பினார். தட்டுகள் ஹார்வர்டில் இன்றும் இருக்கின்றன. யாரும் போய் அவரைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். இதில் நமக்கென்ன என்கிறீர்களா? அந்தக் கோட்பாட்டைக் கொண்டுதான் யாழ்ப்பாணத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி 1960களில் சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் ஆக்கங்கள் என்று வாதிட்டார். இன்றுவரை நம் வகுப்பறைகளில் அந்த விவாதம் ஓயவில்லை. புறநானூற்றைப் பற்றிய நம் சண்டைக்கு எண்ணெய் வார்த்தது எங்கோ ஒரு பால்கன் காப்பி கடையில் பாடியவனின் குரல், பத்திரமாக வைக்கப்பட்டதால். நம் கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் உடுக்கடிப் பாட்டும் யாருக்கு அப்படி எண்ணெய் வார்க்கும்? வைத்தால்தானே.

வைக்கவில்லை என்று ஒரேயடியாகச் சொல்வதும் நியாயமில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இதை ஒரு தனிப் படிப்பாகவே நிலைநிறுத்தியது. அதற்கும் முன்னால், 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கிய நா. வானமாமலை, பல்கலைக்கழகச் சம்பளம் இல்லாமல், நண்பர்களையே சேகரிப்பாளர்களாக்கி வேலை வாங்கினார். அவர் தொகுத்த பாடல்களின் கீழே 'சேகரித்தவர்: எஸ்.எஸ். போத்தையா, இடம்: விளாத்திகுளம் வட்டாரம்' என்பது போன்ற குறிப்புகள் நிற்கும். இன்றைய ஆய்வேடுகளில் பாதிக்கு இல்லாத நேர்மை அந்த ஒரு வரியில் இருந்தது. ஆனால் அங்கேயும் பாடியவளின் பெயர் பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. நாம் அதை இன்னும் வழக்கமாக வைத்திருக்க வேண்டியதில்லை.

இனி மதிப்பெண் கதைக்கு வருகிறேன். உண்மையான முடிச்சு அங்கேதான். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகளில், ஆசிரியரின் ஆய்வுக்கு மதிப்பெண் போடும் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மொழித் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10. நாட்டளவிலான பதிப்பகத்தில் நூல் வெளியிட்டால் 10, பன்னாட்டுப் பதிப்பகம் என்றால் 12. நூலை மொழிபெயர்த்தால் 8. இணையவழிப் பாடம் ஒன்றை முழுமையாக உருவாக்கினால் 20. இரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து, நூறு மணி நேரம் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் விவரக் குறிப்பு எழுதி, பெயர்த்தெழுதி, அருஞ்சொல் விளக்கி, இசைவு வாங்கி, பிறர் கேட்கும்படி ஓர் ஆவணக் காப்பகத்தில் வைத்தால்? அட்டவணையில் அதற்கு வரியே கிடையாது. அதே நூறு மணி நேரத்திலிருந்து நாலு பாடலைப் பிய்த்து, 'பாடல்களில் பெண்ணின் துயரம்' என்று ஆறு பக்கம் எழுதி, ஐ.எஸ்.பி.என். எண் போட்ட கருத்தரங்க மலரில் சேர்த்தால் ஏதாவது தேறும். இளைஞர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வயிற்றுக்கு எது சோறு போடுமோ அதைத்தான் செய்வார்கள்.

மானியக் குழு விதிகளை நீங்கள் மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் முனைவர் பட்டத்துக்கு எது ஆய்வு என்று தீர்மானிப்பது உங்கள் மேசையில் நடக்கிறது. சுவடிப் பதிப்பையே ஆய்வேடாக ஏற்றுப் பட்டம் கொடுத்திருக்கிறோம். அதே அளவுகோலில், முழுமையான குறிப்புகளும் ஆராய்ச்சி முன்னுரையும் கொண்ட ஓர் ஒலித் தொகுப்பைப் பட்டத்துக்குரிய ஆய்வாக ஏற்கலாம். ஒரு கதைப்பாடலை மூன்று பாடகர்களிடம், மூன்று ஊர்களில், கோயில் கொடை விழாவிலும் கொடை இல்லாத நாளிலும் பதிந்து ஒப்பிட்டுக் காட்டுவது சின்ன வேலையா? முன்னுரையே இருநூறு பக்கம் போகும். இது என் முதல் கோரிக்கை.

அடுத்தது எளிது. களப்பணி செய்த எந்த ஆய்வேட்டுக்கும், மூலப் பதிவுகள் நூலகத்தில் சேர்க்கை எண்ணோடு ஒப்படைக்கப்பட்டதற்கான சான்று இல்லாமல் வாய்மொழித் தேர்வு வைக்காதீர்கள். கருத்துத் திருட்டு அளவைச் சோதித்த சான்றிதழ் கேட்கிறோம் அல்லவா, அதுபோல. தேர்வாளர் பத்து நிமிடமாவது கேட்டுப் பார்க்கட்டும். எழுத்தையும் குரலையும் ஒரு பக்கம் ஒப்பிட்டால் போதும். என்னைப் போன்றவர்கள் அகப்படுவார்கள்.

பகிர்வது பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் பூட்டி வைப்பதும் தொலைப்பதில் ஒரு வகை. நம் குரல்கள் நாம் கேட்க முடியாத இடங்களில் இருந்த கதை நீளமானது. ஆங்கிலேயர் காலத்தில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழி அளவாய்வு தன் எல்லையில் சென்னை மாகாணத்தைச் சேர்க்கவில்லை. ஆனாலும் அதன் தொடர்ச்சியாக எடுத்த கிராமபோன் பதிவுகளில் தமிழும் உண்டு. நூறாண்டுக்கு முந்தைய அந்தப் பேச்சுக் குரல்களை இன்று இணையத்தில் எவரும் கேட்கலாம். டச்சு இசை ஆய்வாளர் ஆர்னால்டு பேக் 1938இல் தென்னிந்தியாவில் பதிந்தவை ஐரோப்பாவில் இருந்தன. 1984இல் இசை ஆய்வாளர்களான நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அவற்றின் பிரதிகளோடு அதே ஊர்களைத் தேடி வந்து போட்டுக் காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, இந்தியாவில் பதிந்து வெளியே போனவை இந்தியாவிலும் கிடைக்க வேண்டும் என்று 1982இல் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் இசையியல் ஆவணக் காப்பகம் தொடங்கியது, குருகிராமில் இருக்கிறது. கொங்கு நாட்டில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் நாடாவில் பதிந்த அண்ணன்மார் கதையைக் கேட்க வேண்டுமானால் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பக்கம் பார்க்க வேண்டும். பாடியவன் காங்கேயத்துப் பக்கத்தவன். வெளிநாட்டார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மேடையில் முழங்குவதற்கு முன்னால், நாம் நம்மிடமே விட்டு வைத்தவற்றை என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ளலாம். அவர்களிடம் இருப்பது இருக்கிறது. என் பெட்டி வெள்ளையடிப்பில் போயிற்று.

நம்மவர்களால் முடியாது என்பதுமில்லை. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் நிறுவனம், போரும் இடப்பெயர்வும் நடுவில் நிற்க, தன்னார்வலர்களின் உழைப்பில் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம (டிஜிட்டல்) வடிவில் சேர்த்தது. 'ஆவணகம்' என்ற தன் பல்லூடகத் தளத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் சேர்த்து வருகிறது. கண்டிச்சீமையின் மறுகரைக் குரல்கள் அங்கே இருக்க, இந்தக் கரையில் புலம்பியவர்களின் குரல்கள் நம்மிடம் இருந்தால் அல்லவா இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியும்?

எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மிஞ்சிய மூன்று கேசட்டுகளில் ஒன்றில் ஒரு பெண், கணவன் செத்த பிறகு தன் பங்கு நிலத்தை ஏமாற்றியவர்களைப் பெயர் சொல்லி, ஊர் சொல்லிப் பாடுகிறாள். அந்தப் பெயர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தெருவில் இருக்கிறார்கள். அதைத் திறந்துவிட நான் யார்? சாமியாடும்போது மட்டும் பாட வேண்டிய வரத்துப் பாட்டும் அப்படித்தான். பாடிக் கொடுத்தவர், 'இதை வேறு எங்கும் போடாதே தாயி' என்று சொல்லித்தான் கொடுத்தார். சில பதிவுகள் எல்லோருக்கும், சில குடும்பத்தார் இசைவோடு ஆய்வாளருக்கு, சில இத்தனை ஆண்டுகள் கழித்து மட்டும் என்று படி வைப்பது காப்பகங்களுக்குப் பழகிய வேலை. இசைவைத் தாளில் கைநாட்டாக வாங்குவதைவிட, பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்குவது நல்லது என்பது என் அனுபவம்: எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள், எதை வெட்ட வேண்டும் என்று பேசிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடம் சேர்ந்தே பதிவாகட்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் நிகழ்த்துநருக்கு உரிமை கொடுத்துவிட்டது. தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையை 2012 திருத்தம் சேர்த்தது. நான் 1992இல் கொடுத்ததோ வெற்றிலை பாக்கும் ஐம்பது ரூபாயும். ஆச்சியின் பெயரை இந்த மடலில் எழுதாததற்கும் அதுவே காரணம்; அவர் குடும்பத்தாரைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டு எழுதுவேன்.

காலம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019இல் ஓர் எச்சரிக்கை விட்டன: 2025 அளவில் காந்த நாடாக்களை வழக்கமாக இயக்கிப் படியெடுக்கும் வாய்ப்பு உலகெங்கும் முடிந்துவிடும் என்று. நாடா கெடுவது ஒரு பக்கம். அதை ஓட்டும் கருவியும், அதன் உதிரிப் பாகங்களும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைக்காமல் போவதே பெரிய சிக்கல். என் கேசட்டுகளில் ஒன்றில் வெள்ளைப் பூஞ்சை. இன்னொன்றில் நாடாவை முனையோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்து போய், வேறொரு சினிமாப் பாட்டுக் கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். பழைய டெக்கின் ரப்பர் பட்டை உருகிக் கருப்பட்டிப் பாகு மாதிரி விரலில் ஒட்டியது. பென்சிலைச் செருகி நாடாவைச் சுற்றத் தெரிந்த கடைசித் தலைமுறை நாங்கள். எங்களுக்கும் மூட்டு வலி வந்துவிட்டது. ஒரு மணி நேரக் கேசட்டைப் படியெடுக்க ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. ஆனால் காப்பகத் தரத்தில், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று எடுத்தாலும் மணிக்கு இரண்டு ஜிகாபைட்தான். தொலைந்துபோன என் நாற்பத்து மூன்று மணி நேரமும் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றில் அடங்கியிருக்கும்.

இன்றைய மாணவர்கள் கேசட் காலத்தவரைவிடப் பாவம். செல்பேசியில் பதிகிறார்கள், வாட்ஸ்ஆப்பில் நெறியாளருக்கு அனுப்புகிறார்கள், இடம் போதவில்லை என்று அழிக்கிறார்கள். நாடா பூஞ்சை பிடிக்க முப்பது ஆண்டு ஆனது. இதற்கு முப்பது நாள் போதும்.

எனவே மூன்றாவதாக ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பட்டம் வாங்கிய பழைய மாணவர்கள் அனைவருக்கும் துறையிலிருந்து ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் களப்பணிக் கேசட் இருக்கிறதா, எத்தனை, எந்த ஊர் என்று ஒரு பக்கம். பதில் வந்ததும் வாங்கி வைக்க ஓர் அறை, நல்ல டெக் இரண்டு, பொறுப்பாக ஒருவர். குளிர்சாதன மாளிகை வேண்டாம். ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கின் பொன்னாடைச் செலவில் தொடங்கிவிடலாம். படியெடுத்தவற்றில் ஒரு பிரதி அந்தந்த ஊருக்கும் போகட்டும். ஊர் நூலகத்துக்கோ பாடியவர் வீட்டுக்கோ.

என்னிடம் இருப்பவை மூன்று கேசட்டுகள், அவற்றின் எண்ணிமப் படிகள், திருத்திய எழுத்துப் பெயர்ப்பு, 'வண்டி' பற்றிய ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பிழை திருத்தக் குறிப்பு. யாரிடம் கொடுக்க வேண்டும், என்ன சேர்க்கை எண் கிடைக்கும் என்று தெரிவித்தால் நானே கொண்டுவந்து தருகிறேன். வாங்குபவரிடம் ஓர் உதவி. முதல் கேசட்டின் முதல் பக்கத்தில், பதினேழாவது நிமிடத்தில், ஆச்சி ஓர் அடியை இழுத்துப் பாடும்போது ஆடுகள் கடந்து போகின்றன. மணிச் சத்தத்துக்கு நடுவில் '...த்தள' என்று மட்டும் கேட்கிறது. தகப்பனார் விட்டுப்போன பித்தளைச் செம்பா, கண்டிக்குப் போகும் வழியில் இருக்கும் மாத்தளையா? எனக்குக் காது இப்போது அவ்வளவாகச் சரியில்லை. இளங்காது ஒன்று கேட்டுச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை ஒருவர்